அவதார்: திரைக்குள் நாம் பூணும் கோலம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவன், ‘எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு’ என்ற கட்டுரையில், “நான் தினமும் என் அவதாரத்தை மாற்றுவேன்” என்று எழுதியிருந்தான். ரோப்லோக்ஸ் என்ற இணைய விளையாட்டில் தனக்காகத் திரையில் நிற்கும் ஆளுக்கு, ஆங்கிலத்தில் ‘அவதார்’ என்பதற்கு, முடியையும் உடுப்பையும் மாற்றுவதைத்தான் சொல்கிறான். வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது அவன் பாட்டி, “அவதாரம் எடுக்க நீ என்ன பெருமாளாடா?” என்று கேட்டாராம். இருவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரே சொல் இரண்டு பாதையில் நடந்து ஒரே வீட்டுக்குள் வந்திருக்கிறது.

பாட்டியின் பாதை பழையது. சமஸ்கிருதத்தில் ‘அவ’ என்றால் கீழே. அதோடு கடந்து செல்வதைக் குறிக்கும் வேர் சேர்ந்து ‘அவதாரம்’ ஆனது. இறங்கி வருதல் என்று பொருள். ராமனாக இறங்கி வந்தவர் காட்டில் நடந்தார், மனைவியைப் பிரிந்து அழுதார். எடுத்த பிறவியின் பாடு முழுவதையும் பட்டார்.

பேரனின் பாதை ஆங்கிலம் வழியாகப் போகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் நம் தெய்வங்களைக் குறிக்கவே ஆங்கிலத்தில் நுழைந்தது. கணினிக்கு அது வந்தது 1980களில். 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’ விளையாட்டில் எட்டு நற்பண்புகளிலும் தேறியவனுக்கே அவதார் என்ற பெயர். அதுவரை சொல்லின் பெருமை குறையவில்லை. அப்புறம் சிப் மார்னிங்ஸ்டாரும் ரேண்டி ஃபார்மரும் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் ‘ஹாபிடாட்’ என்ற கணினி உலகத்தைக் கட்டினார்கள். 1986 முதல் 1988 வரை சோதனையாக நடந்தது. கமடோர் 64 கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, பலர் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடினார்கள். அங்கே திரையில் நமக்காக நிற்கும் உடம்புக்கே அவதார் என்று பெயர் வைத்தார்கள். காசு கொடுத்து வேறு தலை வாங்கி மாட்டிக்கொள்ளக்கூட அங்கே வழி இருந்தது! 1992இல் நீல் ஸ்டீபன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ நாவல் இந்தப் பொருளை எங்கும் பரப்பியது. 2003இல் செகண்ட் லைஃப், 2006இல் ரோப்லோக்ஸ் என்று வந்த உலகங்கள் அதையே எடுத்துக்கொண்டன.

சரி, அப்படியானால் தமிழில் ‘அவதாரம்’ என்றே எழுதிவிடலாமா? எழுதலாம், நாளிதழ்கள் நடிகர் தயாரிப்பாளர் ஆனாலே ‘புது அவதாரம்’ என்கின்றன. எனக்கு மனம் ஒப்பவில்லை. இறங்கி வருபவன் யார், எதற்காக வருகிறான் என்பதுதான் அவதாரத்தின் உயிர். பத்து வயதுப் பையன் சாயங்காலத்துக்குள் நான்கு முறை தொப்பி மாற்றுவதற்கு அந்தச் சொல் மிகப் பெரியது. ‘தோற்றுரு’, ‘மெய்நிகர் உரு’ என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எழுத்தில் நிற்கின்றன, பிள்ளைகள் வாயில் நிற்கவில்லை.

தோட்டத்து மக்கள் புதுப் பொருளுக்குப் பெயர் வைத்த விதத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ரப்பரைப் பார்த்தறியாதவர்கள் கப்பலேறி வந்தார்கள். எஸ்டேட்டைத் தோட்டம் என்றார்கள். ரப்பர் மரம் அவர்களுக்குப் பால்மரம். அதில் வடிந்தது பால், காய்ந்து ஒட்டிக்கொண்டது ஒட்டுப்பால். அகராதியைத் தேடவில்லை, கையோடு கொண்டுவந்த சொற்களையே புதிய மரத்தில் கட்டினார்கள். பாட்டி இன்றும் அப்படித்தான் பேசுகிறார்.

அவதாருக்கும் அப்படி ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: கோலம். அழகு, உருவம், ஒப்பனை, பூணும் வேடம் எல்லாம் அதற்குள் அடக்கம். மணக்கோலம் என்கிறோம், துறவிக்கோலம் என்கிறோம், “என்ன கோலம்டா இது” என்று பிள்ளையைத் திட்டுகிறோம். ‘வேடம்’ பொருந்தாதா என்று கேட்கலாம். வேடத்தில் ஏமாற்றும் வாடை கொஞ்சம் உண்டு. கோலத்தில் அது இல்லை. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் வேடர்களான எயினர்கள் தங்கள் குலத்துக் குமரிக்குக் கொற்றவைக் கோலம் புனைகிறார்கள். காட்டுப்பன்றியின் வெண்மையான வளைந்த கொம்பைப் பிடுங்கிப் பிறை நிலாவாகச் சாத்துகிறார்கள். கேரளத்தில் தெய்யம் ஆடுபவர் தாங்கும் உருவத்துக்கும் கோலம் என்றே பெயர். அணியணியாகப் பூட்டி ஓர் ஆள் இன்னோர் உருவாக நிற்பதற்குத் தமிழ் மண்ணிலும் அதன் பக்கத்திலும் நெடுங்காலமாக இருந்துவரும் சொல் இது.

வாசலில் போடும் கோலத்தோடு குழம்பாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ‘கோலம் போட்டேன்’ என்றால் வாசல், ‘கோலம் பூண்டேன்’, ‘கோலம் மாற்றினேன்’ என்றால் ஆள். வினைச்சொல்லே பிரித்துக்காட்டிவிடும். தனியாக எழுதும்போது ஐயம் வந்தால் ‘ஆட்டக்கோலம்’ என்று எழுதலாம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் ‘ஸ்கின்’. மொபைல் லெஜெண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டை ஆடும் பெரிய பையன்கள், அதற்குள் காசாகச் செல்லும் ‘வைரங்கள்’ கொடுத்து வாங்குவது இதைத்தான். வீரன் அதே வீரன், ஆனால் மேல்தோற்றம் மட்டும் வேறு. இதைத் ‘தோல்’ என்று மொழிபெயர்த்தால் உரித்த ஆட்டின் நினைப்பு வருகிறது. பால்மரத்துக்கு அடியில் பாம்பு கழற்றிப் போட்டிருப்பதை நம் ஊரில் என்ன சொல்வோம்? சட்டை. பாம்புச் சட்டை. ஸ்கின்னுக்கும் அந்தச் சொல்லே போதும். அந்தப் பையனின் கட்டுரையைத் திருத்தும்போது ‘அவதாரத்தை’ அடித்துவிட்டுக் ‘கோலத்தை’ என்று எழுதினேன். அடுத்த வாரமே அவன் அண்ணன் வந்து, “ஐயா, என் ஹீரோவுக்குப் புதுச் சட்டை வாங்கிட்டேன்” என்றான்.