காப்பிரி: மதச் சொல் இனப்பெயராக மாறிய விதம்

காப்பிரி, காப்பிலி, காபிரி, காஃபிர். நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை. முதல் மூன்றும் தமிழிலும் அதை ஒட்டிய மொழிகளிலும் ஆப்பிரிக்கரைக் குறித்து வந்தன. நான்காவது, முஸ்லிம்களின் வழக்கில், இறைவனை ஏற்காதவரைக் குறிக்கிறது. ஒரே சொல் தமிழுக்குள் இரண்டு வாசல்கள் வழியாக நுழைந்ததால் வந்த வேறுபாடு இது. காஃபிர் அரபியிலிருந்து நேராக வந்தது. காப்பிரி போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. வரும் வழியில் பொருளே மாறிவிட்டது.

அரபியில் இதன் வேர்ச்சொல்லுக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். விதையை மண்ணால் மூடுகிற உழவருக்கும் இந்தச் சொல் பொருந்தும். குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில் அது அப்படித்தான் வருகிறது என்று உரையாசிரியர்கள் பலர் கொள்வர். உண்மையை மூடியவர், செய்த நன்றியை மறைத்தவர் என்று விரிந்து, இறைமறுப்பாளர் என்ற பொருளில் அது நிலைபெற்றது. தோலின் நிறத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கில்வா, மொம்பாசா, சொஃபாலா ஆகிய துறைமுகங்களில் வாழ்ந்த சுவாஹிலி முஸ்லிம்களும் கறுப்பின மக்களே. உள்நாட்டில் இஸ்லாத்தை ஏற்காமல் இருந்தவர்களைத் தங்களிடமிருந்து பிரித்துச் சொல்லவே காஃபிர் என்ற சொல் அங்கே பயன்பட்டது.

1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அந்தக் கரையைத் தொட்டன. அரபு வணிகர் கண்ணில் கிறித்தவரான போர்த்துக்கீசியரும் காஃபிர்களே. ஆனால் போர்த்துக்கீசியர் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு, அதிலிருந்து தங்களை விலக்கிவிட்டு, ஆப்பிரிக்கர் மேல் மட்டும் வைத்தார்கள். அவர்கள் வாயில் அது 'காஃப்ரெ' ஆனது. கோவா, கொச்சி, கொழும்பு என்று அவர்கள் அடிமைகளைக் கொண்டுபோன இடமெல்லாம் சொல்லும் போனது. ஃபகர ஒலி தமிழில் இல்லாததால் பகரம் இரட்டித்தது, மெய்ம்மயக்கத்தை உடைக்க இடையில் இகரம் நுழைந்தது, காப்பிரி பிறந்தது. ரகரம் லகரமானபோது காப்பிலி. சிங்களத்தில் காபிரி. மலையாளத்திலும் காப்பிரிதான்: கொச்சி மட்டாஞ்சேரிப் பகுதியில் காப்பிரி முத்தப்பனுக்கு இன்றும் விளக்கேற்றுகிறார்கள். போர்த்துக்கீசியர் கொன்ற ஆப்பிரிக்க அடிமையின் ஆவி என்பது அங்குள்ள நம்பிக்கை.

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் சொல் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1652இல் நன்னம்பிக்கை முனையில் டச்சுக் கம்பெனி குடியேறியது. அந்தக் காலக் கேப் டவுன் ஆவணங்களில் 'காஃபர்' என்றால் பெரும்பாலும் காவல் அதிகாரியின் கீழ் வேலை செய்த ஏவலாட்கள். அவர்களில் பலர் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஆசியர்கள். ஆகவே 18ஆம் நூற்றாண்டுக் கேப் ஆவணத்தில் இந்தச் சொல்லைக் கண்டதும் 'ஆப்பிரிக்கர்' என்று பெயர்த்தால் தவறு நேரும். குடியேறிகள் கிழக்கே நகர்ந்து, அங்கு வாழ்ந்த கோசா என்ற ஆப்பிரிக்க மக்களோடு மோதத் தொடங்கிய பிறகுதான் சொல் அந்த மக்களின் பெயரானது. 1779 முதல் 1879 வரை நடந்த 9 போர்களுக்குக் 'காஃபிர் போர்கள்' என்று பெயர். 1847இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோசா நிலத்துக்குப் 'பிரிட்டிஷ் காஃப்ரேரியா' என்று பெயர். 1866இல் அது கேப் காலனியோடு சேர்ந்தது. கோசா மக்களின் மொழி 'காஃபிர் மொழி'. அவர்கள் விளைவித்த சோளம்கூடக் 'காஃபிர் சோளம்'.

மறைப்பணியாளர்கள் இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே கோசா நாட்டுக்குள் போனார்கள். லண்டன் மிஷனரி சங்கத்தின் வான் டெர் கெம்ப் 1799இல் கோசாத் தலைவர் ந்கிகாவிடம் போனார். 1820களில் கிளாஸ்கோ மிஷனரிகள் வந்தார்கள். 1823இல் அச்சு இயந்திரமும் வந்தது. ஜான் பென்னி கோசா மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை வகுத்தார். 1850இல் வெஸ்லியன் மிஷனரி ஆப்பிள்யார்ட் வெளியிட்ட இலக்கண நூலின் தலைப்பு 'காஃபிர் மொழி'. 1859இல் முழு விவிலியமும் அம்மொழியில் வந்துவிட்டது. விவிலியம் ஓதும் ஒரு மக்களின் மொழிக்கு இறைமறுப்பாளர் மொழி என்று பெயர்!

சொல் அப்போது மதச் சொல்லாகவே இருந்திருந்தால், ஞானஸ்நானம் பெற்றவுடன் ஒருவரைவிட்டு அது உதிர்ந்திருக்க வேண்டும். அப்படி உதிர்ந்த இடம் ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தானின் மலைப்பகுதியான காஃபிரிஸ்தானை அமீர் அப்துர் ரஹ்மான் 1895-96இல் படையெடுத்துப் பிடித்தார். மக்கள் இஸ்லாத்துக்கு மாற்றப்பட்டார்கள். நிலம் நூரிஸ்தான், அதாவது ஒளியின் நாடு, என்று பெயர் மாறியது. வன்முறையால் வந்த மாற்றம்தான், ஆனால் சொல்லின் பொருளுக்கு அங்கே ஒரு நேர்மை இருந்தது. மதம் மாறியது, பெயரும் மாறியது. தென்னாப்பிரிக்காவில் மதம் மாறியும் பெயர் மாறவில்லை. மதப்பெயராக இருந்தது இனப்பெயராக இறுகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கோசா கிறித்தவரான டியோ சோகாவின் வாழ்க்கை இதை அப்படியே காட்டுகிறது. 1829இல் பிறந்தவர், தந்தை ந்கிகாவின் ஆலோசகர், தாய் நோசுது கிறித்தவர். லவ்டேல் மிஷன் பள்ளியில் படித்து, ஸ்காட்லாந்து போய், 1856இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரில் அந்த நிலையை எட்டிய முதல்வர் அவரே. ஸ்காட்டியப் பெண்மணி ஜேனட் பர்ன்சைடை மணந்து 1857இல் நாடு திரும்பினார். அது கோசா மக்கள் நாங்கவுசே என்ற சிறுமியின் தீர்க்கதரிசனத்தை நம்பித் தம் மாடுகளை அழித்து, பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஆண்டு. சுமார் 40,000 பேர் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பசியோடு மிஷன் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தவர்களிடையே சோகா பணி செய்தார். மறைப்பணியாளர் விருத்தசேதனச் சடங்கைத் தடுத்ததால் அவர் அதைச் செய்துகொள்ளவில்லை. கோசா மரபில் சடங்கு முடியாதவர் எத்தனை வயதானாலும் சிறுவனே. வெள்ளையருக்கோ அவர் குருப்பட்டம் பெற்ற பின்னும் காஃபிர்தான்.

1865இல் அவருடைய சக மறைப்பணியாளர் சால்மர்ஸ், காஃபிர் இனம் அழிந்துபோகும் என்று எழுதினார். சோகா கிங் வில்லியம்ஸ் டவுன் செய்தித்தாளில் மறுத்தார்: அடிமை வணிகம் உலகெங்கும் சிதறடித்தும் கறுப்பின மக்கள் அழியவில்லை, எத்தியோப்பியா கடவுளை நோக்கிக் கையுயர்த்தும் என்ற விவிலியச் சங்கீத வாக்கும் இருக்கிறது என்பது அவர் வாதம். பின்னாளில் தம் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த அறிவுரையில், ஆங்கிலேயராக அல்ல, காஃபிர்களாகவே உலகில் உங்கள் இடத்தைப் பிடியுங்கள் என்றார். சுமத்தப்பட்ட பெயரை அவர் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொண்டார். மொழிபெயர்க்கும்போது அந்த வரியில் சொல்லை மாற்றினால் அவருடைய துணிவே காணாமல் போய்விடும்.

மதம் மாறியவர்களுக்கு அந்த மக்களின் மொழிகளிலேயே பெயர்கள் இருந்தன. கோசாவில் 'அமாகோபோக்கா': துளைபடுதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். மாறாமல் செம்மண் பூசும் வழக்கத்தைத் தொடர்ந்தவர்கள் 'அமாகாபா', பூசுபவர்கள். ஆங்கிலேயரின் மற்றொரு தென்னாப்பிரிக்கக் காலனியான நேட்டாலில் சூலு மொழியில் 'அமாகோல்வா', நம்புகிறவர்கள். காஃபிருக்கு நேரெதிர்ப் பொருள்! ஆனால் நேட்டால் சட்டம் அவர்களை மற்ற ஆப்பிரிக்கரோடுதான் வைத்திருந்தது. 1865இன் 11ஆம் சட்டப்படி ஓர் ஆப்பிரிக்கர் வாக்குரிமை பெற, முதலில் ஆப்பிரிக்கருக்கென்றே இருந்த பூர்வகுடிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று 7 ஆண்டுகள் கழிய வேண்டும். காலனியில் 12 ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். வாக்குரிமை உள்ள வெள்ளையர் 3 பேர் பரிந்துரைக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆளுநர் மறுக்கலாம். தேறியவர்கள் மிகச் சிலர். ஒரே மனைவி, ஐரோப்பிய உடை, எழுத்தறிவு, ஏர் உழவு என்று மறைப்பணியாளர் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் இந்த மக்கள்.

திருச்சபைக்குள்ளும் இதே கதை. டச்சுச் சீர்திருத்தச் சபையின் 1857ஆம் ஆண்டு மாமன்றம், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு நிறத்தின்படி தனித்தனி வழிபாடு நடத்தலாம் என்று இடங்கொடுத்தது. பலவீனம் என்று அது சொன்னது வெள்ளையர் மனத்தடையை. 1881இல் கலப்பினத்தவருக்குத் தனிச்சபையே அமைந்தது. மெதடிஸ்ட் குருவான மங்கேனா மொகோனே பாகுபாட்டைப் பொறுக்காமல் விலகி, 1892இல் பிரிட்டோரியாவில் எத்தியோப்பியச் சபையைத் தொடங்கினார். சோகா எடுத்துக்காட்டிய அதே சங்கீத வரிதான் பெயருக்கு அடிப்படை. காஃபிர் என்ற பெயருக்கு விவிலியத்திலிருந்தே ஒரு மாற்றுப்பெயரை ஆப்பிரிக்கக் கிறித்தவர்கள் எடுத்தார்கள்.

மிஷனரிகளும் ஒரு கட்டத்தில் உணர்ந்தார்கள் போலும். லவ்டேலில் 1870இல் தொடங்கிய 'காஃபிர் எக்ஸ்பிரஸ்' இதழ் 1876இல் 'கிறிஸ்டியன் எக்ஸ்பிரஸ்' ஆனது. தெருவில் சொல் மாறவில்லை. 20ஆம் நூற்றாண்டில் தனிச் சொல்லாக நின்று முழு வசையாகிவிட்டது. இன்றைய தென்னாப்பிரிக்கர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, 'கே-சொல்' என்பார்கள். 2018இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பெண் காவலர்களையும் அவசர அழைப்பு ஊழியர்களையும் இந்தச் சொல்லால் ஏசியதற்காகச் சிறைத்தண்டனை பெற்றார்.

இனி, தமிழில் என்ன எழுதுவது? ஒரே ஒரு நிகர்ச்சொல் தேடுவதுதான் பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் நேரும் பிழை. முதலில் ஆவணத்தின் ஆண்டையும் இடத்தையும் பாருங்கள். பிறகு அங்கே சொல் மதத்தைக் குறிக்கிறதா, மக்களையா, வசையா என்று பிரியுங்கள்.

மதப் பொருளென்றால் இறைமறுப்பாளர், அல்லது முஸ்லிம் வழக்கின்படி காஃபிர். கிறித்தவ நூல்களில் அவிசுவாசி உண்டு. பழைய தமிழ் மிஷனரி நூல்களின் அஞ்ஞானி என்ற சொல் வேண்டாம். அறிவில்லாதவர் என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. புறஜாதியார் என்பது விவிலியத்தில் யூதரல்லாதவருக்கு உரிய சொல், ஆப்பிரிக்கருக்குப் போடக்கூடாது. மக்களைக் குறித்தால் அவர்கள் பெயரையே எழுதுங்கள்: கோசா, சூலு, ம்ஃபெங்கு. சில செய்தித்தாள்கள் எழுதும் 'சோசா' ஆங்கில எழுத்தைப் பார்த்துச் செய்த பிழை. கோசா என்பது மூல ஒலிக்கு நெருக்கம். எந்த மக்கள் என்று தெரியாவிட்டால் ஆப்பிரிக்கர் அல்லது கறுப்பின மக்கள். நீக்ரோ என்பதைப் புதிதாக எழுதும் எதிலும் தவிர்க்கவேண்டும். பாண்டு என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். மிஷன் பள்ளிகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த 1953ஆம் ஆண்டுப் பாண்டு கல்விச் சட்டத்தில் அது இனப்பெயராக வருகிறது. சட்டத்தின் பெயரில் அப்படியே விட்டு, மக்களைச் சொல்லும்போது விலக்குங்கள். காஃபிர் போர்கள் கேப் எல்லைப் போர்கள் ஆகட்டும், காஃபிர் சோளம் வெறும் சோளம் ஆகட்டும். இதழ்ப்பெயர், நூற்பெயர், மேற்கோள், காஃப்ரேரியா போன்ற நிர்வாகப்பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றாமல் விடவேண்டும்.

காந்தியின் தொடக்ககாலத் தென்னாப்பிரிக்க எழுத்துகளிலும் இந்தச் சொல் உண்டு. அதைத் தமிழில் 'ஆப்பிரிக்கர்' என்று மெருகேற்றுவது வாசகரை ஏமாற்றுவது. அதே நேட்டாலில் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பலில் இறங்கிய நம்மவர்களுக்கு வெள்ளையர் வைத்த பெயர் கூலி. வேலைக்கான ஊதியத்தைக் குறித்த சொல் அங்கே இந்தியர் அனைவருக்குமான இனப்பெயரானது, வணிகருக்கும் வழக்கறிஞருக்கும்கூட. அந்த வலி தெரிந்த தமிழர் வாயில், டொரன்டோவிலும் லண்டனிலும், காப்பிலி என்ற சொல் இன்னும் புழங்குவது பெரும் வருத்தம். ஆப்பிரிக்க வம்சாவளியினரைக் குறித்தாலும், நம் பிள்ளைகளின் நிறத்தையோ சுருள்முடியையோ கேலி செய்தாலும், அது வசைதான்.

இலங்கையில் ஒரு விதிவிலக்கு உண்டு. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் சிறு சமூகத்தினர், போர்த்துக்கீசியரும் பின்னர் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் படைவீரர்களின், அடிமைகளின் வழிவந்தோர். தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள். போர்த்துக்கீசியம் கலந்த மொழியில் 'மஞ்சா' பாடல்கள் பாடுகிறார்கள். தங்களைக் காபிரி என்றே அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள், அதில் அவர்களுக்கு இழுக்கு இல்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது 'இலங்கைக் காபிரி சமூகத்தினர்' என்று முழுமையாக எழுதலாம். காப்பிலி என்று திரிக்கக்கூடாது. அவர்கள் பெயரைக் கொண்டு மற்ற ஆப்பிரிக்கரைச் சுட்டவும் கூடாது.