குத்துவிளக்கும் தோட்டாக் கூடும்

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். குடவாசல் வீட்டுக் கிணற்றடியில் அம்மா குத்துவிளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து டெக்சஸில் இருக்கும் சித்தப்பா மகன் வீடியோவில் வந்தான். அவன் கையிலும் பித்தளைதான். துப்பாக்கி சுடும் மைதானத்தில் பொறுக்கிய வெற்றுத் தோட்டாக் கூடுகள். அவற்றைக் கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்து அடைப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் அந்த வேலையில் இறங்கினால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வீடு தேடி வரும்.

"பெரியம்மா, எலுமிச்சை உப்பில் ஊற வெச்சேன், எல்லாம் ரோஸ் கலராயிடுச்சு" என்றான்.

அம்மா நிமிரவே இல்லை. "ராத்திரி பூரா போட்டு வெச்சியா?"

போட்டுத்தான் வைத்திருந்தான்.

தோட்டாக் கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நாச்சியார்கோவில் பத்தர்கள் ஆற்று வண்டலில் அச்செடுத்து வார்க்கும் விளக்கில் விகிதம் மாறலாம். சேர்மானம் அதே இரண்டுதான். அழுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. விளக்கில் காய்ந்து கெட்டியான எண்ணெய்ப் பிசுக்கு, கூட்டில் வெடிமருந்துப் புகைக்கரி. இரண்டுக்கும் அடியில், காற்றும் ஈரமும் பட்டுக் கறுத்த ஆக்சைடு. அதையும் கவனிக்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பூக்கும்.

பிசுக்கு இருக்கும்வரை புளித்தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியாது, மேலே உருண்டு ஓடிவிடும். அதனால்தான் அம்மா முதலில் சீயக்காய் போடுகிறாள். அதிலுள்ள சப்போனின் சோப்பைப் போல எண்ணெயைப் பிரித்துவிடும். தம்பி இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டிருக்கிறான். அதுவரை சரி.

அப்புறம்தான் புளி. அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது. கரைந்து வரும் செம்பு அயனியை இடுக்கி போலப் பிடித்துத் தண்ணீரோடு அனுப்பியும் விடுகிறது. ஆனால் செம்பு உலோகத்தின்மேல் இந்த மாதிரி மென்மையான அமிலத்துக்குப் பெரிய பலம் கிடையாது. அழுக்கு போகும், விளக்கு நிற்கும். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், செய்வதும் இதேதான். சிக்கல் துத்தநாகத்தில் இருக்கிறது. அது செம்பைப்போல அடம்பிடிக்காது, அமிலத்தில் சுலபமாகக் கரையும். ஐந்து பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. ராத்திரி முழுக்கப் போட்டால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் மிஞ்சும். தம்பி பார்த்த ரோஸ் நிறம் அந்தச் செம்புதான். மெல்லிய தோல் அளவுதான் என்பதால் தேய்த்தால் போய்விடும்.

தேய்க்க எதை எடுப்பது? எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் அளவுகோலில் பித்தளையின் கடினம் சுமார் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எங்கள் பாட்டி காலத்தில் அந்த மணல் கலந்த செங்கல் தூள் போட்டுத்தான் தேய்த்தார்கள். விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்துக்கு இன்று கண்ணே இல்லை, அத்தனையும் தேய்ந்துவிட்டது. உமிச் சாம்பலிலும் பெரும்பகுதி மணலில் உள்ள அதே சிலிக்காதான், ஆனால் நைசாக இருப்பதால் கீறலும் நைசாக விழுகிறது. அமெரிக்காவில் அக்ரூட் ஓட்டுத் தூள் அல்லது சோளக்கட்டைத் தூளோடு கூடுகளைச் சேர்த்து, இயந்திரத்தில் மணிக்கணக்காக உருட்டுகிறார்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்தில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. சுட்டபின் அது கரியோடு கலந்து கிடக்கும். இதனால்தான் ஈரமாகக் கழுவுவது மேல். சமையல் பாத்திரத்தில் மட்டும் கூடாது. இதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. எந்தக் கிண்ணத்தில் ஊற வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

பித்தளைக்கு உண்மையான எமன் அமிலம் அல்ல, அம்மோனியா. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் ராணுவம் சேமித்து வைத்திருந்த தோட்டாக் கூடுகள், மழைக்காலம் வந்தால் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. கிடங்காகப் பயன்பட்டவை குதிரை லாயங்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியிருக்கிறது. ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. தகட்டை அழுத்தி இழுத்துக் கூடாக்கும்போது உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அந்த இறுக்கம் உள்ள இடமாகப் பார்த்துத்தான் விரிசல் ஓடும். 1921இல்தான் இதற்குச் சரியான விளக்கம் கிடைத்தது. மருந்து எளிமையானது: கூட்டை மிதமாகச் சூடு காட்டி இறுக்கத்தைத் தளர்த்துவது. அடித்துச் செய்யும் பித்தளைக் குடத்தை இடையிடையே நெருப்பில் காய்ச்சுகிறார்களே, அதிலும் இதே வேலை நடக்கிறது. காய்ச்சாமல் மேலும் மேலும் அடித்தால் கழுத்தில் கீறல் விடும்.

கடையில் விற்கும் சில பளபளப்பு திரவங்களில் அம்மோனியா உண்டு. வார்த்த விளக்குக்கு இறுக்கம் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு. தோட்டாக் கூட்டுக்கு அது ஆகவே ஆகாது. தம்பி எழுந்துபோய் அலமாரியில் இருந்த புட்டியின் லேபிளைப் படித்துவிட்டு வந்தான்.

"சரி, இதைப் பார்" என்று ஒரு கூட்டைக் காமிரா அருகே கொண்டுவந்தான். அது ராணுவத் தோட்டா, இன்னும் ஊற வைக்காதது. கழுத்தைச் சுற்றி நீலம் கலந்த ஒரு கறை. இந்த அழுக்கை எப்படி எடுப்பது என்று அவனுக்குக் கவலை.

அது தொழிற்சாலையில் கழுத்துக்குச் சூடு காட்டிய தடம்.