சம அளவு கரைத்தாலும் சமமாகக் கடத்தாது: கரைசலில் மின்சாரம் பாயும் விதம்

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் லிட்டருக்கு 0.1 மோல் வீதம் தனித்தனியே கரைத்து, 25 டிகிரி செல்சியஸில் அளந்து பாருங்கள். முதலாவதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிசீமென்ஸ் (சீமென்ஸ் என்பது மின்கடத்தலின் அலகு). இரண்டாவது அரை மில்லிசீமென்ஸை ஒட்டியே நிற்கும். கரைசலில் மின்னூட்டத்தைச் சுமப்பவை அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள் அல்லது அணுத்தொகுதிகள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அநேகமாக முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. அசிட்டிக் அமிலத்திலோ நூற்றுக்கு ஒன்றிரண்டு மூலக்கூறுகள்தான் பிரிகின்றன.

எண்ணிக்கை மட்டும் போதாது, வேகமும் வேண்டும். லித்தியம் அயனி சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விடச் சிறியது. ஆனாலும் மூன்றில் அதுதான் மெதுவாக நகர்கிறது. சிறிய அயனி நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுமையோடு நகர்வதே காரணம். ஹைட்ரஜன் அயனியின் கதை வேறு. அது நீந்திப் போவதில்லை. ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது. அதனால் சோடியத்தைப் போல் ஏழு மடங்கு கடத்துகிறது. அமிலங்கள் இவ்வளவு நன்றாகக் கடத்துவதும் இதனால்தான்.

செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் கடத்தலும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. கந்தக அமிலத்தின் கடத்துதிறன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. அயனிகள் நெருங்கி ஒன்றையொன்று இழுக்கின்றன, திரவமும் கெட்டியாகிறது.

வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். உலோகக் கம்பியில் இதற்கு நேரெதிர். ஆகவே வெப்பநிலையைக் குறிக்காத அளவீட்டை நம்பி எதையும் ஒப்பிட முடியாது.

கடத்துதிறனை அளக்கும் மீட்டரைச் சரிபார்க்க, உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.7455 கிராம் எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால், கரைசலில் மூழ்கும் மின்வாய்களில் காற்றுக்குமிழியோ படிவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேர்மின்னோட்டத்தில் அளந்தால் மின்வாய்ப் பரப்பில் அயனிகள் குவிந்து அளவு பிசகும்; அதனால்தான் மாறுமின்னோட்டம் பயன்படுகிறது.

வீட்டில் உள்ள டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) மீட்டர் அளப்பதும் கடத்துதிறனைத்தான். அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. ஒரு டம்ளர் நீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைத்தாலும் அந்த எண் ஏறாது. சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை.