தூண்டல் அன்று, தொகுத்தறிதல்

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சென்னையில் தமிழில் நிகழ்த்தப்படும் உரைகளில், ‘இண்டக்‌ஷன்’ என்னும், கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றைப் பற்றி முடிவுக்கு வருவதைக் குறிக்கும் தருக்கச் சொல்லைத் ‘தூண்டல் அனுமானம்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். இது பிழை.

அரிஸ்டாட்டில் ‘எபகோகே’ என்றதை உரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ இலத்தீனில் ‘இண்டக்டியோ’ ஆக்கினார். இட்டுச் செல்லுதல் என்பது வேர்ப்பொருள்.

அதே வேரிலிருந்து இயற்பியலும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. 1831-இல் ஃபாரடே கண்ட விளைவை மின்காந்தத் தூண்டல் என்கிறோம். மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுவதால் அங்கே அச்சொல் பொருந்துகிறது. தருக்கத்தில் எது எதைத் தூண்டுகிறது? மயிலாப்பூரில் கண்ட காக்கை கறுப்பு, அடையாற்றில் கண்டதும் கறுப்பு, ஆகவே காக்கைகள் எல்லாம் கறுப்பு என்று முடிவுகட்டுபவர், கண்டவற்றைத் தொகுத்துக் காணாதவற்றுக்கும் நீட்டுகிறார், அவ்வளவே. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்று தூண்டலுக்குப் பரிந்து பேசுவோர் உண்டு. இருவேறு பொருள்கள் ஒரு சொல்லில் தங்கியது அம்மொழியின் வரலாறு. அந்த மயக்கத்தையும் சேர்த்து நாம் சுமக்க வேண்டியதில்லை. திரியைத் தூண்டுகிறோம், ஒருவரைச் செயலுக்குத் தூண்டுகிறோம். முடிவை யாரும் தூண்டுவதில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே ‘கணிதத் தொகுத்தறிதல்’ இருக்க, அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது.

ஆசிரியர் பயிற்சி நூல்கள் வழங்கும் ‘விதிவருமுறை’ நல்ல தமிழ்தான். ஆனால் தொகுத்தறிந்து பெறுவது எப்போதும் விதியாக இருப்பதில்லை. அடுத்து வரும் காக்கையும் கறுப்பாக இருக்கும் என்னும் தனிச்செய்தியாகவும் இருக்கலாம்.

தொகுத்தறிதலிலும் ஒரு நெருடல் உண்டு: ‘அறிதல்’ உறுதியைச் சுட்டுகிறது. உய்த்தறிதலில், அதாவது ‘டிடக்‌ஷனில்’, எடுகோள்கள் (முடிவுக்கு அடிப்படையாகக் கொள்ளும் கூற்றுகள்) மெய்யானால் முடிவும் மெய். புதிய எடுகோள் எத்தனை சேர்ந்தாலும் பெற்ற முடிவு விழாது. தொகுத்தறிதலிலோ முடிவு சான்றுகளைத் தாண்டிச் செல்கிறது. சான்றுகள் அனைத்தும் மெய்யாக இருந்தும் முடிவு பொய்க்கலாம், ஒரே ஒரு வெள்ளைக் காக்கை வந்தாலும் அதைக் கைவிட நேரும். கணிதத் தொகுத்தறிதல் பெயரளவிலேயே இவ்வினம்: முதல் எண்ணுக்கு மெய், ஓர் எண்ணுக்கு மெய்யானால் அடுத்ததற்கும் மெய் என்று காட்டிய பின் எல்லா இயல் எண்களுக்கும் முடிவு கட்டாயமாகிறது, ஆகவே அது உய்த்தறிதலே.

‘தொகுத்துணர்தல்’ என்றால் அந்த நெருடல் குறையும் என்றாலும், மாணவர் நாவில் பழகிய சொல்லை மாற்றுமளவுக்கு அது பெரிதன்று. அதைவிடக் கவலை தருவது வினைச்சொல். மாதிரித் தரவுகளைக் கொண்டு கணினி எட்டிய முடிவு ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். சான்றுகள் அம்முடிவுக்கு ‘வலுச்சேர்க்கின்றன’ என்பதே சரி.