பனிக்காலத் தக்காளிக்கு எத்தனை மூடி டானிக்?

இந்த மார்கழியில் டானிக் அடித்து இலை சுருண்டதென்று நான் பார்க்கும் நான்காவது தோட்டம் இது. தாளவாடிப் பக்கம், நட்டு 50 நாளான தக்காளி. இலைகள் கயிறு திரித்ததுபோல் முறுக்கிக்கொண்டு, காம்புகள் கீழே வளைந்து, பூவெல்லாம் கொட்டிக் கிடந்தது. வைரஸ் என்று யாரோ சொல்ல, தோட்டக்காரர் அதற்கும் ஒரு மருந்து வாங்கி வைத்திருந்தார். (வைரஸ் ஒரே வாரத்தில் காடு முழுக்க ஒன்றுபோல வராது.)

“டானிக் மட்டும்தான் சார் அடித்தேன். பனிக்குச் செடி விறைத்து நின்றது. பூப்பிடிக்கிற மருந்து, ஜிப்ரலிக், கடல்பாசி மூன்றையும் ஒரே டேங்கில் கலந்தேன். ஒரு மூடி கூடப் போனால் என்ன, சத்துதானே?”

சத்து இல்லை ஐயா! கடைக்காரர் எல்லாவற்றையும் டானிக் என்கிறார். அதில் கடல்பாசிச் சாறும் ஹியூமிக் அமிலமும் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருபவை. பூப்பிடிக்க அடிக்கும் என்ஏஏ, ஜிப்ரலிக் அமிலம் இரண்டும் ஹார்மோன்கள். அவை 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருபவை. ஹார்மோன் செடிக்குச் சோறு போடாது; ‘வளர், நீள், பூவை விடாதே’ என்று விரட்டும். அளவு மீறினால் இலை இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். தீனி போடாத மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் எத்தனை தூரம் வண்டி இழுக்கும்?

குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சரியாக எடுப்பதில்லை. இலையின் அடிப்புறம் ஊதா நிறம் ஏறியிருந்தால் அதுதான் சேதி. இரவில் 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளிக்கு மகரந்தமும் ஒழுங்காக உருவாகாது. முதலில் சொட்டுநீரில் மணிச்சத்து மிகுந்த 12:61:0 உரம் கொடுங்கள். பாதி நோய் அதிலேயே தெளியும்.

அதற்குப் பிறகும் ஊக்கி வேண்டுமென்றால், மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு சிரிஞ்ச் வாங்குங்கள். 4.5 சதவீத என்ஏஏ மருந்தில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) கரைசல் செய்ய, 10 லிட்டர் டேங்குக்கு 2.2 மில்லி போதும். உங்கள் மூடி எத்தனை மில்லி பிடிக்கும் என்று ஒரு நாளாவது அளந்து பார்த்ததுண்டா? ஹார்மோனோடு வேறெதையும் கலக்காதீர்கள். இலையில் பனி காயும் முன் டேங்கைத் தோளில் ஏற்றாதீர்கள். விறைத்து நிற்கும் செடிக்கு வாரம் ஒருமுறை அடிப்பது பாவம்.

இலை சுருண்ட பிறகு படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அடிப்பதற்கு முந்தின நாளே அந்தப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பக் கூடாதா?