நியூட்ரானுக்கு ஞாபகம் கிடையாது

"நியூட்ரான் மோதினால் ஓர் அணுக்கரு பிளக்குமா, பிளக்காதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்கிறீர்கள். அப்படியானால் இன்னும் கட்டவே கட்டாத உலை எவ்வளவு வெப்பம் தரும் என்று கணினியில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் குறிப்பிட்டது முடுக்கியால் இயங்கும் உலையை. நல்ல கேள்வி. சொல்ல முடியாது என்பதையே கருவியாக்கிக்கொண்டதுதான் இதில் இருக்கும் சாமர்த்தியம்.

முதலில் அந்த உலை. சாதாரண அணு உலையில் ஒரு தலைமுறை நியூட்ரான்கள் தங்களுக்குச் சமமான அடுத்த தலைமுறையைப் பெற்றுவிடும். அதாவது பெருக்கக் காரணி 1. முடுக்கி உலையில் அதை வேண்டுமென்றே 0.95, 0.98 என்று குறைத்து வைப்பார்கள். அப்படியே விட்டால் தொடர்வினை அவிந்துவிடும். அவியாமல் இருக்க, துகள் முடுக்கியிலிருந்து ஏறத்தாழ நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களை ஈயத்தின் மீதோ, ஈயமும் பிஸ்மத்தும் கலந்த உருகிய உலோகத்தின் மீதோ பாய்ச்சுகிறார்கள். ஒரு புரோட்டானுக்கு இருபது, முப்பது நியூட்ரான்கள் தெறிக்கும். கற்றையை நிறுத்தினால் தொடர்வினையும் நிற்கும். நோபல் பரிசு பெற்ற கார்லோ ரூபியா 1990களில் செர்ன் எனும் ஐரோப்பிய அணு ஆய்வகத்திலிருந்து இதற்காக உரக்கக் குரல் கொடுத்தார். அமெரிசியம் போன்ற நீண்ட ஆயுள் அணுக்கழிவுகளை எரிப்பது, அதாவது நியூட்ரானால் பிளந்து தீர்ப்பது, இன்று இதன் முக்கிய நோக்கம்.

இனி கணக்குக்கு வருவோம். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்தானிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட்டுப் பார்த்து அலுத்தவருக்கு ஒன்று தோன்றியது: நூறு முறை ஆடி, எத்தனை முறை ஜெயித்தது என்று எண்ணிவிட்டால் போயிற்றே! இதே யோசனையை நியூட்ரான்கள் மீது பிரயோகிக்கும் திட்டத்தை ஜான் வான் நாய்மன் 1947இல் வகுத்தார். சூதாட்ட நகரத்தின் பெயரால் அது மான்டி கார்லோ முறை ஆனது.

ஒரு நியூட்ரானைப் பின்தொடர்ந்து பார்ப்போம். அடுத்த மோதலுக்கு முன் அது எவ்வளவு தூரம் போகும்? கணினி 0க்கும் 1க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை, அதாவது குலுக்கிப் போட்டது போல எதுவாகவும் இருக்கக்கூடிய எண்ணை, எடுக்கிறது. அதன் இயல்மடக்கையை (natural log) எடுத்து, குறியை மாற்றி, சராசரித் தூரத்தால் பெருக்குகிறது. சராசரி 3 செ.மீ. என்று வையுங்கள். 0.9 வந்தால் 3 மில்லிமீட்டரிலேயே மோதல். 0.5 வந்தால் 2.1 செ.மீ. 0.01 வந்தால் 13.8 செ.மீ. ஓடிவிடும்.

ஏன் மடக்கை? நியூட்ரானுக்கு ஞாபகம் இல்லை என்பதால். பத்து சென்டிமீட்டர் மோதாமல் வந்த நியூட்ரானுக்கும் இப்போதுதான் பிறந்த நியூட்ரானுக்கும், ஒரே ஆற்றல், ஒரே பொருள் என்றால், அடுத்த மில்லிமீட்டரில் மோதும் வாய்ப்பு அச்சு அசலாக ஒன்றுதான். இந்தக் குணம் உள்ள வளைகோடு ஒன்றே ஒன்று, அடுக்குக்குறிச் சரிவு: சம தூரத்துக்குச் சம விகிதத்தில் குறைந்துகொண்டே போவது. அதைத் தலைகீழாகத் திருப்பினால் மடக்கை வந்து நிற்கும். "இத்தனை தடவை விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்று லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களை உட்காரவைத்து இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாய் ஆசை.

மோதிய இடத்தில் இன்னொரு சமவாய்ப்பு எண். சிதறலா, விழுங்கலா, பிளவா என்பதை அது தீர்மானிக்கும். பிளவு என்றால் எத்தனை குழந்தைகள்? சராசரி 2.4 நியூட்ரான், ஆனால் 2.4 நியூட்ரான் என்று ஒன்று கிடையாதே. 2.4உடன் ஒரு சமவாய்ப்பு எண்ணைக் கூட்டித் தசமப் பகுதியை வெட்டிவிடு. சில சமயம் 2, சில சமயம் 3; சராசரி தானாக 2.4. இவ்வளவு எளிமையான தந்திரத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

குழந்தைகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும், பேரன் பேத்திகளையும். முடுக்கி உலையின் அழகு இங்கேதான் தெரியும். பெருக்கக் காரணி 1ஐவிடக் குறைவு என்பதால் ஒவ்வொரு வம்சமும் எப்போதாவது நிச்சயமாக அற்றுப்போகும். கணினி கடைசி வாரிசு வரை எண்ணி முடித்துவிடலாம். காரணி 0.95 என்றால் வம்சத்தின் சராசரி அளவு 20. சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பிளவுக்கு 2.4 என்று கொண்டால், பத்தில் ஆறு நியூட்ரான்கள் வாரிசே இல்லாமல் மறையும். எங்கோ ஒன்றிரண்டு நூற்றுக்கணக்கில் கிளைத்து அந்த 20ஐ ஈடுகட்டும். இதே கணக்கில் ஒரு புரோட்டான், 25 நியூட்ரான், 500 பேர் கொண்ட கூட்டம், அதில் சுமார் 200 பிளவுகள். பிளவுக்கு 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் வீதம், புரோட்டான் கொண்டுவந்த ஆற்றலைப் போல நாற்பது மடங்கு வெப்பம்.

புரோட்டான் ஈயத்தில் மோதும் கட்டம் இவ்வளவு சாதுவானது அல்ல. மோதல் வாய்ப்புகளைப் பட்டியலிடும் வழக்கமான நியூட்ரான் தரவு அட்டவணைகள் பெரும்பாலும் 2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டோடு நின்றுவிடும்; அதற்கு மேலே கணித மாதிரிகள்தான் கைகொடுக்க வேண்டும். புரோட்டான் அணுக்கருவுக்குள் புகுந்து இரண்டு மூன்று துகள்களை இடித்துத் தள்ளும். மிச்சம் இருக்கும் கரு கொதிப்பேறி, நீர் ஆவியாவது போல நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விட்டு ஆறும். சில வேளை ஆறுவதற்குள் ஈயக் கருவே இரண்டாகப் பிளந்துவிடும். ஆவியாதலா பிளவா என்பதற்கும் சமவாய்ப்பு எண்தான்.

ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நண்பர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். இது பலன் சொல்லும்போதே பிழை எவ்வளவு என்றும் சொல்லும். அந்தப் பிழையைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு நியூட்ரான்களை ஓடவிட வேண்டும். ஆனால் கணினி எவ்வளவு ஓடினாலும் தீராத பிழை ஒன்று உண்டு: உள்ளே போட்ட அளவீடுகளின் பிழை. அமெரிசியம், கியூரியம் ஆகியவற்றின் பிளவு வாய்ப்புகள் யுரேனியத்தின் அளவுக்குத் துல்லியமாகத் தெரியாது. புது முடுக்கிக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருகிறது. ஓர் ஐசோடோப்பின் எண்ணை மூன்றாம் தசமம் வரை திருத்த மூன்று வருடம் உட்காருகிறவருக்கு நிதி வருவதில்லை. இது என் கருத்து, ஆனால் பிடிவாதமான கருத்து.

கணக்கை நிஜத்தோடு ஒப்பிடவும் வழி உண்டு. பெல்ஜியத்தின் மோல் நகரில், வெப்பமே சொல்லும்படி எழாத ஒரு சிறு ஈய உலையோடு முடுக்கி ஒன்றை இணைத்திருக்கிறார்கள். அங்கே புரோட்டான் இல்லை. டியூட்ரான்கள் (கன ஹைட்ரஜன் கருக்கள்) அதைவிடக் கனமான ஹைட்ரஜனான டிரிட்டியத்தில் மோதி நியூட்ரான் தருகின்றன. கற்றையைக் கண நேரம் நிறுத்தி, நியூட்ரான் எண்ணிக்கை சரியும் விதத்தை அளக்கிறார்கள். முதலில் செங்குத்தான வீழ்ச்சி. பிறகு, பிளவுத் துண்டுகள் தாமதமாக உமிழும் நியூட்ரான்களால் வரும் நீண்ட வால். வீழ்ச்சிக்கும் வாலுக்கும் உள்ள விகிதத்திலிருந்து, உலையின் பெருக்கக் காரணி 1இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.