‘ஹார்மோன் சமநிலை’ என்று எழுதலாமா?

பொங்கலுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை அலமாரியில் ஒரு பொடி டப்பா. முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘பெண்களின் ஹார்மோன் சமநிலைக்கு’ என்று போட்டிருந்தது. சித்தி தைராய்டுச் சுரப்பு குறைவென்று நான்கு வருடமாகத் தைராக்சின் மாத்திரை போடுகிறவர். இரண்டு மாதமாக இந்தப் பொடியையும் ராத்திரி பாலில் கலந்து குடித்திருக்கிறார். நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, தம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. இரத்தப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். இருக்க வேண்டியதற்கு ரொம்பக் கீழே, அதாவது உடம்பில் தைராக்சின் மிகை. டப்பாவின் பின்பக்கச் சரக்குப் பட்டியலில் முதல் பெயர் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா.

“மூலிகைதானேப்பா? சமநிலைக்குன்னுதானே போட்டிருக்கு, கூட்டும்னு போடலையே” என்றார் சித்தி. அவர் படித்தது சரி, எழுதியதுதான் தப்பு.

முதலில் ஹார்மோன். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் செக்ரிட்டினைக் கண்டுபிடித்தார்கள். சிறுகுடலில் அமிலம் பட்டதும் அது இரத்தத்தில் கலந்து, கணையத்தைப் போய்ச் சுரக்க வைக்கிறது. 1905இல் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரைப் பயன்படுத்தினார். தூண்டு, கிளப்பிவிடு என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் இயக்குநீர் என்கிறோம், இலங்கையில் ஓமோன் என்று எழுதுகிறார்கள். ‘இயக்கு’ சரியாகப் பொருந்துகிறது. ‘நீர்’தான் கொஞ்சம் இடறுகிறது. செக்ரிட்டின் ஹார்மோன், அது சுரக்க வைக்கும் கணையநீர் குடலுக்குப் போகும் செரிமான நீர், ஹார்மோன் இல்லை. இன்சுலினையே ‘கணையநீர்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன், அது இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். ஆனாலும் ‘ஊக்கி’ என்பதைவிட இயக்குநீர் எவ்வளவோ மேல். எல்லா ஹார்மோனும் ஊக்குவிப்பதில்லை. சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் மற்றச் சுரப்புகளை அடக்குகிற வேலையைச் செய்கிறது.

சரி, ‘சமநிலை’க்கு வருவோம். மருத்துவமனை வரிசையில் எல்லோரும் சொல்வது ‘ஹார்மோன் இம்பேலன்ஸ்’. அதை யாரோ ‘சமநிலையின்மை’ என்று எழுத, அதிலிருந்து ‘ஹார்மோன் சமநிலை’ முளைத்து, இன்று பொடி, லேகியம், தேநீர் என்று எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. தமிழனுக்குச் சமன் என்றதும் கண்ணில் வருவது துலாக்கோல். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று நடுவுநிலைமைக்கு வள்ளுவர் சொன்ன படம். இரண்டு தட்டு, நடுவில் முள், முள் நேராக நின்றால் நல்லது.

உடம்பில் அப்படி எந்த முள்ளும் இல்லை. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால் விடியலில் ஏறி, நள்ளிரவில் இறங்கும். பெண்களின் சினைப்பை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் ஏறி உச்சம் தொட்டால்தான் கருமுட்டை வெளிவரும். அதன் பிறகுதான் இன்னொரு சினைப்பை ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஏறும். கருத்தரிக்காவிட்டால் இரண்டும் இறங்கி மாதவிலக்கு வரும். இவை மாதம் முழுக்கச் சமமாக நின்றால் முட்டையே வெளிவராது. தைராய்டில் இன்னும் தெளிவு. தைராக்சின் குறைந்தால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டுகிறது, தைராக்சின் மிகுந்தால் குறைக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று மாறிக்கொண்டே இருக்கிற இந்த ஓட்டத்தைத் தராசு என்று சொல்வது படத்தையே தலைகீழாகக் காட்டுவது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், நல்ல சொற்கள் நம் கையிலேயே இருக்கின்றன என்பதுதான். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் ‘சமன்’ என்ற சொல்லைத் தொடவே இல்லை. ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வளி முதலான மூன்றைச் சொல்கிறார். அப்புறம் ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’ என்கிறார். மிகை, குறை, அளவு, காலம். ஒரு ஹார்மோனைப் பற்றிப் பேச வேண்டிய நான்கு சொல்லும் அந்த ஒரே அதிகாரத்தில் கிடக்கின்றன. தைராய்டு மிகைச்சுரப்பு, தைராய்டு குறைசுரப்பு என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று ஊரே சொல்கிறது. கழுத்தில் அந்தச் சுரப்பி எல்லோருக்கும் இருக்கிறது, மிகையா குறையா என்பதுதான் கேள்வி. ‘சமநிலை’ அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

விழுங்குவதால்தான் ஆபத்தும் வருகிறது. அமுக்கரா தைராய்டுச் சுரப்பைக் கூட்டிவிட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு, கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் அதை உணவுத் துணைப்பொருள்களில் சேர்க்கவே தடை போட்டது. ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவருக்கு அது சமன் செய்வதில்லை, மேலே ஏற்றிவிடக்கூடும்.

அதிமதுரம் இன்னும் நுட்பமானது. கார்ட்டிசால் சிறுநீரகத்தில் வேலை செய்துவிடாமல் அங்கே ஒரு நொதி அதை முடக்கி வைக்கும். அதிமதுரத்திலுள்ள கிளிசரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்போது கார்ட்டிசால், உடம்பில் உப்பைத் தங்க வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்கிற வேலையைச் செய்யத் தொடங்கும். உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். இரத்தத்தில் கார்ட்டிசாலை அளந்தால் வழக்கம்போலத்தான் காட்டும். இருமலுக்கு இரண்டு நாள் வாயில் அடக்குவது வேறு, மாதக்கணக்கில் பொடியாக விழுங்குவது வேறு. கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு என்று சினைப்பை நீர்க்கட்டிக்குச் (பி.சி.ஓ.எஸ்.) சொல்வதையும் எந்த ஹார்மோனுக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ‘நீர்க்கட்டி’யும் ஒரு தவறான பெயர். ஸ்கேனில் தெரிபவை பெரும்பாலும் முழுதாக வளராமல் நின்ற சினைமுட்டைப் பைகள். கட்டி என்று கேட்டதும் பெண்பிள்ளைகள் பயந்து, கரைக்கிற மருந்தைத் தேடி ஓடுகிறார்கள்.

1954ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம், மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நீரிழிவு, கழுத்துக்கழலை முதலியவற்றுக்கும் அதே தடை. ‘ஹார்மோன் சமநிலை’ எந்த நோயின் பெயரும் இல்லை. அந்தச் சொல் இவ்வளவு பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இங்கேதான். விற்பவர் மூடி வைத்ததை நாமும் மூடியபடியே தமிழாக்கக் கூடாது. எந்த ஹார்மோன் என்று கேளுங்கள். பதில் வந்தால் அதன் பெயரோடு மிகை என்றோ குறை என்றோ எழுதுங்கள். பொதுவாகச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘சுரப்புக் கோளாறு’ போதும். பதிலே வராவிட்டால் அந்த வரியை மொழிபெயர்க்காமல் திருப்பி அனுப்புங்கள்.

மருத்துவர் சொல்லிச் சித்தி பொடியை நிறுத்தினார். ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். பழைய இடத்துக்கு வந்திருந்தது. அந்தத் தாளில் சுரப்பின் பெயர், ஓர் எண், பக்கத்தில் இயல்பான அளவு எதிலிருந்து எதுவரை என்ற குறிப்பு. சித்தி அதை மடித்து, பொடி டப்பா இருந்த அலமாரியிலேயே வைத்திருக்கிறார்.